பழைய அம்பாசிடர்ல சாயங்கால ரவுண்டு: கோட்டையூர்ல இருந்து ஆத்தங்குடி வரைக்கும், ரெண்டாயிரம் குடுக்கலாமா?

நம்ம காரைக்குடி ஏரியாவுல கொஞ்ச நாளா ஒரு அண்ணே பழைய அம்பாசிடர் காரு ஒண்ண வச்சுக்கிட்டு சாயங்காலம் ஊரு சுத்திக் காட்டுற சவாரி ஓட்டிக்கிட்டு இருக்காரு. நாலு மணிக்கு வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்குவாரு, கோட்டையூர்ல ஆரம்பிச்சு பள்ளத்தூர், கானாடுகாத்தான், அங்கிட்டு இருந்து ஆத்தங்குடி, அப்புறம் காரைக்குடி வழியா திரும்ப நம்ம வாசல்ல எறக்கி விட்ருவாரு. நாப்பது கிலோமீட்டர் பக்கம் வரும், அதுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஆகுது, அவ்ளோ மெதுவா போறாரு. வண்டிக்கு ரெண்டாயிரம் ரூபா. ஆளுக்கு இல்ல, வண்டிக்கு. நாலு பேரு தாராளமா, அஞ்சு பேருன்னா கொஞ்சம் இடிச்சுக்கிட்டு.

பொறந்து வளந்த ஊர சுத்திப் பாக்க காசு குடுக்கணுமாக்கும்னு கேப்பீக, எங்க அம்மாவும் அதான் கேட்டாக. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம எப்பவாச்சும் நம்ம ஊர பாக்குறதுக்குன்னு வண்டிய எடுத்துருக்கமா, ரேஷன் கடைக்கு போவோம், பேங்குக்கு போவோம், கல்யாணத்துக்கு மொய் வைக்க போவோம், ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு குழிய பாத்து ஓட்டுறதுலயே கண்ணு போயிரும், ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு யாரு பாத்தா. சென்னையில இருந்து சித்தியும் சித்தி மகனும் லீவுக்கு வந்துருந்தாக, அம்மாவுக்கு முட்டு வலி, பைக்ல உக்காரவே மாட்டாக, சரி எல்லாருமா ஒருக்க போயிட்டு வருவோம்னு புக் பண்ணினேன். இப்ப விஷயத்துக்கு வாரேன்.

மொதல்ல வண்டி. வெள்ளைக் கலரு, மாடலு மார்க் டூவா மார்க் ஃபோரான்னு அண்ணனுக்கும் எங்க தம்பிக்கும் ஏறுன ஒடனே வாக்குவாதம், எனக்கு அது தேவையில்லாத சங்கதி. கியர் கம்பி ஸ்டீரிங்குக்கு பக்கத்துலயே இருக்கு, அதனால முன் சீட்டு ஒரே பெஞ்சு, டிரைவரோட சேத்து மூணு பேரு உக்காரலாம். அம்பாசிடர் தயாரிப்ப 2014லயே நிப்பாட்டிட்டாங்க, அதுக்கப்புறம் நல்ல கண்டிசன்ல ஒண்ண பாக்குறதே அபூர்வம், இந்தாளு சீட்டுக்கு புதுசா ரெக்சின் போட்டு, உள்ள ஸ்பிரிங்க மட்டும் பழசவே விட்டு வச்சுருக்காரு, பள்ளத்துல எறங்குனா ஒரு தூக்கு தூக்கி மெதுவா உக்கார வைக்குது. அம்மா ஏறுனதும் சொன்ன மொத வார்த்தை, "இதுலதாண்டா கால நீட்டி உக்கார முடியுது". இப்ப வர்ற காருல எல்லாம் குனிஞ்சு நொழைஞ்சு எறங்கும்போது ஒருத்தரு கையப் புடிச்சு இழுக்கணும், இதுல சீட்டு ஒசரம், கதவு அகலம், வயசானவங்க சேலையோட அப்புடியே ஏறி எறங்கலாம். இந்த ஒரு காரணத்துக்கே பெரியவங்கள கூட்டிப் போறவுக இத எடுக்கலாம்.

முன்பக்கம் கதவு கண்ணாடிக்கு முன்னால முக்கோணமா ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும் பாருங்க, அத திருப்பி விட்டா வெளிக் காத்து நேரா நெஞ்சுல அடிக்கும். ஏசி கெடையாது, வேண்டியதும் இல்ல. ஆனா பின்னாடி இடது பக்க கண்ணாடி பாதில நிக்குது, ஏறவும் மாட்டேங்குது எறங்கவும் மாட்டேங்குது, சித்தி அந்தப் பக்கம் உக்காந்து வழி நெடுக செம்மண் புழுதிய வாங்கிக்கிட்டே வந்தாக. காசு வாங்குறவரு இத ரிப்பேர் பாத்துருக்கணும். சொன்னதுக்கு "பாத்துருவோம்மா"ன்னாரு, எங்களுக்கு முன்னால ஏறுனவுக கிட்டயும் அதான் சொல்லிருப்பாரு.

கோட்டையூர விட்டு வெளிய வர்றதுக்கே அரை மணி நேரம் எடுத்துக்கிட்டாரு. தெருத் தெருவா விட்டாரு, அது எனக்கு புடிச்சுது. கல்வி வள்ளல் அழகப்ப செட்டியார் பொறந்த ஊரு இது, 1909ல, அந்தக் கதைய நல்லா சொன்னாரு, காரைக்குடியில சிக்ரி, அதான் மத்திய அரசோட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வர்றதுக்கு 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் குடுத்தத சொல்லும்போது ஏதோ இவரே எண்ணிக் குடுத்த மாதிரி ஒரு பெருமை. ஆனா ரோஜா முத்தையா வீட்டுப் பக்கம் போலாமான்னு கேட்டேன், "யாரு தம்பி அது"ங்கிறாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. போர்டு எழுதுற தொழில் பாத்துக்கிட்டு, கையில கெடச்ச காசுல எல்லாம் பழைய தமிழ் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு வாங்கி வாங்கி கோட்டையூர் வீட்டுக்குள்ள அடுக்கி வச்ச மனுசன். அவரு 1992ல காலமானதுக்கு அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்ப வாங்கி, நல்ல வேளையா அமெரிக்காவுக்கு தூக்கிட்டு போகாம, சென்னையிலயே நூலகமா ஆக்கி வச்சுருக்கு. தமிழ்ல ஆராய்ச்சி பண்றவுக பாதிப் பேரு அங்கிட்டு போயிட்டுத்தான் வருவாக. இவ்ளோ பெரிய சங்கதி நம்ம தெருவுல நடந்துருக்கு, ஊரு சுத்திக் காட்டுறவருக்கு தெரியல. பங்களாவும் அரண்மனையும் மட்டும் தான் செட்டிநாடுன்னு ஆகிப் போச்சு. திரும்பி வரும்போது நானே அவருக்கு முழுசா சொல்லிட்டேன், அடுத்த சவாரில சொல்றாரான்னு யாராச்சும் போனா கேட்டுச் சொல்லுங்க.

பள்ளத்தூர் ரோட்டுல வெயில் சாஞ்சிருச்சு. ரெண்டு பக்கமும் செம்மண் பொட்டல், சீமைக்கருவேலம், நடுவுல நடுவுல பனை, கம்மாய்க் கரையில மயிலு. மயில பாத்ததும் வண்டிய ஓரங்கட்டிட்டாரு, எஞ்சினையும் ஆஃப் பண்ணிட்டாரு, தம்பி ஃபோன எடுக்குறதுக்குள்ள அது கருவேலங்காட்டுக்குள்ள பூந்துருச்சு. எதுத்தாப்புல பால் கேன தொங்க விட்டுக்கிட்டு டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டில சொசைட்டிக்கு போறவரு ஒருத்தரு, ஆட்ட ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு திரும்புற அப்பத்தா ஒருத்தவுக, எல்லாருக்கும் அண்ணன் ஒரு ஹாரன், அவுகளும் கைய தூக்குறாக, "என்னத்தா வெள்ளனமே திரும்பிட்டிய"ன்னு ஜன்னல்ல தலைய நீட்டி கேக்குறாரு. ஆடு ரோட்ட கடக்குற வரைக்கும் நிக்கிறாரு. பொறுமை இல்லாத ஆளுன்னா இந்தச் சவாரி எடுக்காதீக, அடிச்சு சொல்றேன், எங்க தம்பியே ஆரம்பத்துல "அண்ணே நடந்தே போயிருக்கலாம்ல"ன்னு கேட்டான், அப்புறம் அடங்கிட்டான்.

டீக்கடை நிறுத்தம் சுமார் தான். டீ நல்ல டீ, வடை காலையில போட்ட வடை. செட்டிநாட்டு பலகாரம்னு நெனச்சுக்கிட்டு ரோட்டோர டீக்கடையில தேடுனா எங்கயும் கெடைக்காதுங்கறது உள்ளூர்க்காரனுக்கு தெரியும், வெளியூர்க்காரவுக ஏமாந்துறாதீக. இருபது நிமிஷம் அங்கன உக்காந்து கடைக்காரரோட நெலம் விக்கிற கதை பேசிக்கிட்டு இருந்தாரு, அத கொறச்சுக்கலாம், ஏன்னா அந்த இருபது நிமிஷத்துக்கு பின்னாடி ஆத்தங்குடியில நாங்க வெல குடுத்தோம், அத அப்புறம் சொல்றேன்.

கானாடுகாத்தான் தான் இந்த சவாரிக்கே உசுரு. அரண்மனைய எல்லாரும் காட்டுவாக, இவரும் காட்டுனாரு, வெளிய நின்னு தான் பாத்தோம், சிதம்பரத்துல அண்ணாமலை பல்கலைக்கழகம் 1929ல வந்ததே இந்த ஊரு ராஜா சர் அண்ணாமலை செட்டியாரால தான்னு ரெண்டு வரி சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டாரு. அதுக்கப்புறம் பண்ணுனது தான் நெசமான வேலை. ஒரு வீட்டு முன்வாசல்ல நிறுத்தி, "இந்த நெலைய நல்லா பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு, அந்த வீட்டுச் செவுத்த ஒட்டியே வண்டிய மெதுவா விட்டாரு பாருங்க. செவுரு போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. முகப்பு முடிஞ்சு வளவு, அதான் நடு முத்தம் இருக்குற கட்டு, வளவு முடிஞ்சு ரெண்டாங்கட்டு, அப்புறம் அடுப்படி, வெளிய இருந்து செவுத்துல இருக்குற ஜன்னலயும் ஓட்டுச் சரிவையும் வச்சே இப்ப எந்தக் கட்டுக்கு நேரா போறோம்னு சொல்லிக்கிட்டே வர்றாரு, கடைசில முக்குல திரும்புனா அந்த வீட்டுப் பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கு. ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியிற வீடுன்னு நூறு தடவ கேட்ருக்கேன், உள்ள போயி கல்யாணப் பந்தியில சாப்ட்ருக்கேன், ஆனா அந்த நீளம் என்னன்னு இப்புடி செவுத்தோரமா ஊர்ந்து போனப்பதான் ஒறச்சுது. உள்ள போனா தூணையும் தேக்கையும் கண்ணாடியையும் பாப்போம், அளவு தெரியாது. இதுக்கு காரும் வேகமா போகக் கூடாது, நடந்தாலும் அம்மா மாதிரி ஆளுகளால முடியாது.

அஞ்சரை மணி வெயிலு மேற்க இருந்து விழும்போது மாடி முகப்புல இருக்குற சுதை பொம்மைக எல்லாம் தனித்தனியா தெரியுது. நடுவுல யானை ரெண்டு பக்கமும் தண்ணி ஊத்துற கஜலட்சுமி, அதுக்கு காவலா தொப்பி வச்ச வெள்ளைக்கார சிப்பாயி, துப்பாக்கி ஒடஞ்சு போயி வெறுங்கையோட நிக்கிறான். மத்தியானம் வந்தா இதெல்லாம் ஒரே வெளுப்பா இருக்கும், ஒண்ணும் தெரியாது, டூரிஸ்டு பஸ்ஸுக எல்லாம் கரெக்டா அந்த நேரத்துக்குத்தான் வந்து எறங்குது.

வீடுகள்ல பெரும்பாலும் பூட்டு தான். அண்ணே ஒரு சங்கதி சொன்னாரு, அது எங்க அம்மாவும் ஆமான்னாக, ஒரு வளவுல கல்யாணமான மகனுக்கு ஒரு அறைன்னு பிரிச்சு குடுத்துருவாக, அப்பா போயி மகன் போயி பேரன் வந்தாலும் அந்த அறை அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்தக் குடும்பத்துக்கு தான், அவுக சாமான் உள்ள, அவுக பூட்டு வெளிய. செட்டியாருக பர்மாவுலயும் மலேயாவுலயும் சம்பாரிச்சு கட்டுன வீடுக, 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததோட அந்தக் கணக்கெல்லாம் முறிஞ்சு போச்சு, இப்ப பங்காளிக ஆளுக்கு ஒரு நாட்டுல இருக்காக, கோயில் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஒண்ணா வந்து தெறப்பாக. விக்கிறதுன்னாலும் அத்தன கையெழுத்து சேரணும். அதனாலதான் பாதி வீடு தப்பிச்சு நிக்கிது, பாதி வீடு அதே காரணத்துனால மராமத்து பாக்காம ஒழுகுது. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊருகள சேத்துருக்காங்கன்னு தம்பி ஃபோன்ல பாத்து வாசிச்சான், "பட்டியல்ல சேத்தா ஓடு மாத்தி குடுப்பாகளா"ன்னு அண்ணே கேட்டாரு. பதில் சொல்ல ஆளில்ல.

இங்க ஒரு கொறையும் சொல்லணும். திண்ணையில வீட்டு ஆச்சி ஒருத்தவுக உக்காந்துருந்தாக, தம்பி படம் எடுக்கலாமான்னு கேக்குறதுக்குள்ள அண்ணே "எடு எடு ஒண்ணும் சொல்ல மாட்டாக"ன்னுட்டாரு. அவுக எந்திரிச்சு உள்ள போயிட்டாக. அவுக வீட்டுத் திண்ணை, நம்ம கேட்டு எடுக்குறது தான மரியாதை.

அடுத்து ஊருணி. செம்புரான் கல்லுல படி கட்டுன ஊருணி, தண்ணி அரை அளவுக்கு இருந்துச்சு. இந்த ஊருகள்ல வளவுல விழுகுற மழத்தண்ணிய பாத்திரத்துல புடிச்சது போக மிச்சத்த வாய்க்கா வழியா ஊருணிக்கு விட்டுத்தான் பொழைச்சாக, வருசம் பூரா தண்ணி ஓடுற ஆறு கெடையாது இங்க, வானம் பாத்த பூமி. படியில உக்கார வச்சுட்டு டிக்கியத் தெறந்து எவர்சில்வர் தூக்கு ஒண்ண எடுத்தாரு, உள்ள வெள்ளைப் பணியாரம், இன்னொரு டப்பாவுல வரமொளகா சட்னி. அவரு வீட்டுக்காரம்மா போட்டது, ஒரு ஆளுக்கு அம்பது ரூபா தனி, மொதயே சொல்லிட்டா கொண்டாருவாரு. இதுக்கு முழு மார்க்கு. ஓரம் செவக்காம நடுவுல உப்பலா, மேல எண்ணெய் குடிக்காம, வெள்ளை வெள்ளையாவே இருந்துச்சு, செவந்துருந்தா அது வெள்ளைப் பணியாரமே இல்ல. உழக்கு பச்சரிசிக்கு மேல உளுந்த கோபுரமா குமிச்சு அளந்து ஊறப் போட்டு வெண்ணெயா ஆட்டி, கரண்டில ஒண்ணு ஒண்ணா ஊத்தணும், ரெண்டு சேத்து ஊத்துனா ஒட்டிக்கும். அம்மா சட்னிய மட்டும் தொட்டு பாத்துட்டு "பூண்டு ஒரு பல்லு கூட"ன்னாக, அதுவும் மூணு பணியாரம் உள்ள போனதுக்கு அப்புறம்.

இப்ப ஆத்தங்குடி. ஏமாத்தம். நாங்க போயி சேரும்போது ஆறேகாலு, ஆத்தங்குடிக் கல்லு, அதான் தரையில பதிக்கிற பூ டைல்ஸு, போடுற பட்டறையில எல்லாரும் கைகால் கழுவிட்டு கெளம்பிக்கிட்டு இருந்தாக. ஒரே ஒரு அண்ணே மட்டும் எங்களுக்காக நின்னு ஒரு கல்லு போட்டு காட்டுனாரு, அதுக்கு நாங்க தனியா குடுத்தோம். கண்ணாடிய தரையில வச்சு, அதுக்கு மேல சட்டம், சட்டத்துக்குள்ள பூ அச்சு, கலர் சிமெண்ட்ட சின்னக் கரண்டில அள்ளி அச்சுக்குள்ள ஊத்துறாரு, சிவப்பு, மஞ்ச, பச்சை, ஒரு சொட்டு பக்கத்து கட்டத்துல செதறல, அப்புறம் அச்ச ஒரே தூக்கா தூக்குறாரு, கலரு கலராவே நிக்கிது. மேல காஞ்ச மணலும் சிமெண்ட்டும் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவைய வச்சு கொல்லறுல இழுத்து விட்டா முடிஞ்சுது. அப்புறம் தண்ணித் தொட்டில ஊறணும், காயணும், கண்ணாடி ஒட்டுன பக்கம் தான் மேப்பக்கம், அந்த மினுமினுப்பு கண்ணாடி குடுத்தது. சூளையும் கெடையாது மெஷினும் கெடையாது. இத வெளிச்சத்துல, நாலு பேரு வரிசையா உக்காந்து போடும்போது பாக்கணும். டியூப் லைட்டுல அவசரமா பாத்தது மனசுக்கு ஒப்பல. ஒண்ணு ரூட்ட மாத்தி மொதல்ல ஆத்தங்குடி போயிட்டு கானாடுகாத்தானுக்கு வெயில் சாயிற நேரம் வரணும், இல்ல டீக்கடை அரட்டைய விடணும். டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், "மொதல்ல கானாடுகாத்தான் காட்டுனாத்தான் ஆளுக சந்தோசப்படுறாக"ன்னாரு. எனக்கு அது சரியாப் படல.

ஆத்தங்குடியில இருந்து காரைக்குடி வர்ற வழி இருட்டு, அதுல பாக்க ஒண்ணும் இல்ல, அம்மா தூங்கிட்டாக. காரைக்குடிக்குள்ள டவுன் நெரிசல்ல அந்த வண்டிய திருப்புறது பெரும்பாடு. அந்தக் கடைசி முக்காமணி நேரத்த சவாரில சேத்து காசு வாங்குறது கொஞ்சம் ஜாஸ்தி தான்.

கதை சொல்றதுல பாதிக்குப் பாதி தான் நம்பணும். செவுத்துப் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு, கடுக்கா, கருப்பட்டித் தண்ணி, சுண்ணாம்பு, இதெல்லாம் நெசம். ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு லட்சம் முட்டைங்கிறாரு, அடுத்த வீட்டுக்கு அஞ்சு லட்சங்கிறாரு, சித்தி கணக்கு கேட்டதும் பேச்ச மாத்திட்டாரு. பொழுதுபோக்கா கேட்டுக்கங்க, புள்ளைக ஸ்கூல் ப்ராஜெக்ட்டுல எழுதிறாம பாத்துக்கங்க.

மொத்தத்துல அஞ்சுக்கு மூணே முக்கா குடுப்பேன். ஒரு கால் மார்க்கு அந்தக் கண்ணாடிக்கும் ஒரு மார்க்கு ஆத்தங்குடிக்கும் கொறச்சது. வெளியூர்ல இருந்து ஒரு நாளுக்கு வந்து வீட்டுக்குள்ள போயி தூணு, கண்ணாடி, மார்பிள் எல்லாம் பாக்கணும்னு நெனைக்கிறவுகளுக்கு இது பத்தாது, அவுக காலையில வந்து டிக்கெட் போட்டு உள்ள விடுற வீடுகள பாத்துக்கட்டும். வயசான அம்மா அப்பாவ வச்சுருக்கவுக, லீவுக்கு ஊருக்கு வர்றவுக, கல்யாணத்துக்கு வந்துட்டு ஒரு சாயங்காலம் சும்மா கெடக்குறவுக, இவுகளுக்கு ரெண்டாயிரம் தாராளமா குடுக்கலாம். நாலா பிரிச்சா ஐநூறு.

தை மாசி நல்ல நேரம், காத்து இருக்கும், கம்மாய்ல தண்ணியும் இருக்கும். சித்திரை வெயில்ல போனா நாலு மணிக்கு அந்த தகரக் கூரைக்கு கீழ வெந்துருவீக, அஞ்சு மணிக்கு மேல வரச் சொல்லி ஆத்தங்குடிய வெட்டி விட்ருங்க, ரேட்ட கொறச்சு கேளுங்க, ஒத்துக்குவாரு. முகூர்த்த நாள்ல வண்டி கெடைக்காது, மாப்ள அழைப்புக்கு போயிரும். பணியாரம் வேணும்னா மட்டும் மொத நாளே சொல்லிருங்க, காலையில ஃபோன் போட்டு கேட்டா அந்தக்கா திட்டுது, அரிசியும் உளுந்தும் ஊறி ஆட்ட வேணாமா.